இனிப்பு நீருக்கு மாத்திரை மட்டும் போதுமா?



இந்தத் தடவை என் தவறு ஒன்றைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். டிரசர் என்றால் எல்லாம் தெரிந்தவர் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். பத்தொன்பது வருஷமாக ஊசியும் கட்டுத்துணியுமாக உங்கள் மத்தியில் இருக்கிற எனக்கும் ஒரு பாடம் வேண்டியிருந்தது. அதைக் கற்றுக் கொடுத்தவர் ஒரு மிஸ்ஸி.

இரண்டு வருஷத்துக்கு முந்திய டிசம்பர் மாதம். மழையும் பனியுமாக இந்த மலையே நடுங்கிக் கொண்டிருந்த நேரம். காலையில் கிளினிக் கதவைத் திறக்கிறேன், ஒரு அம்மா வாசலில் உட்கார்ந்திருக்கிறார். வயது ஐம்பத்து நான்கு. முப்பது வருஷம் கொழுந்து மலையில் நின்றவர். கால் கட்டைவிரலிலும் அடுத்த விரலிலும் பெரிய கொப்புளம், உடைந்து கறுத்துப் போயிருந்தது.

"என்னம்மா இது?" என்றேன்.

"ராத்திரி குளிரு தாங்கலீங்க ஐயா. போத்தல்ல சுடுதண்ணி ஊத்திக் காலுக்கடியில வச்சுப் படுத்தேன். காலையில பார்த்தா இப்படி இருக்கு. ஆனா வலியே இல்லீங்க, அதனால ஒண்ணும் இல்லைன்னு ரெண்டு நாளு சும்மா இருந்துட்டேன்" என்றார்.

வலி இல்லை என்று அவர் ஆறுதலாகச் சொன்னார். எனக்கோ அதைக் கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. கால் வெந்தும் வலிக்கவில்லை என்றால் நரம்பு செத்துக் கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இனிப்பு நீர் பல வருஷமாக உள்ளே இருந்து செய்த வேலை அது. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கட்டைவிரல் தப்பியது. அடுத்த விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அந்த அம்மா எனக்குப் புதியவர் அல்ல. ஆறு வருஷமாக என்னிடம் வந்து போகிறவர். பட்டியலில் பெயர் இருக்கிறது, மாத்திரை ஒழுங்காக வாங்குகிறார், சாப்பிடவும் செய்கிறார். நான் ஒவ்வொரு தடவையும் சொன்னது ஒரே வாசகம்: "சீனியைக் குறைங்கம்மா." அவரும் ஒவ்வொரு தடவையும் தலையாட்டினார். அப்படியானால் இனிப்பு ஏன் இறங்கவில்லை?

மிஸ்ஸி கேட்ட கேள்வி

விரல் போன பிறகு அரசாங்கக் கிளினிக்கில் இனிப்பு நீர்க்காரர்களுக்கென்று பயிற்சி பெற்ற ஒரு தாதியிடம் அந்த அம்மாவை அனுப்பினார்கள். துணைக்கு ஆள் இல்லாததால் நானும் கூடப் போனேன். மலாய்க்காரப் பெண், முப்பது வயதிருக்கும். தமிழில் நாலு வார்த்தைதான் தெரியும். அந்த அம்மாவின் மலாய் மொழியும் சந்தை மொழிதான். எப்படிப் பேசப் போகிறார்கள் என்று நான் வேடிக்கை பார்த்தேன்.

அந்த மிஸ்ஸி சீனியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "மக்சிக், காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கும் வரை வாயில் என்னென்ன போட்டீர்கள்? ஒன்று விடாமல் சொல்லுங்கள்" என்றார். அம்மா சொல்லச் சொல்ல எழுதிக் கொண்டார். தேத்தண்ணி என்று வந்ததும் பேனாவை நிறுத்தினார். "எத்தனை குவளை?" ஐந்து. "சீனி?" இல்லை, சீனியே தொடுவதில்லை, டிரசர் ஐயா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "அப்படியானால் வெறும் தேத்தண்ணியா?" இல்லை, டின் பால் ஊற்றுவேன். "எவ்வளவு?" பெரிய கரண்டியால் இரண்டு.

மிஸ்ஸி ஒரு டின் பாலை எடுத்து மேசையில் வைத்தார். பக்கத்தில் ஒரு வெற்றுக் குவளையை வைத்து, தேக்கரண்டியால் சீனியை அள்ளி அள்ளிப் போட்டார். பெரிய கரண்டி டின் பால் ஒன்றுக்கு ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி சீனி. ஒரு குவளைக்கு நான்கு. ஐந்து குவளைக்கு இருபது. குவளையில் சீனி குவிந்து நின்றது. அந்த அம்மா அதையே பார்த்துக் கொண்டிருந்தார். கண் கலங்கிவிட்டது.

"இதை யாருமே சொல்லலியே ஐயா" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

தோழர்களே, அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. ஆறு வருஷம் நான் கொடுத்த மாத்திரையைத் தினமும் இருபது கரண்டிச் சீனி எதிர்த்துச் சண்டை போட்டிருக்கிறது. நான் சொன்ன சொல்லை அவர் மீறவில்லை. அப்படியே நம்பி நடந்தார். நான் சொன்னதுதான் அரைகுறை. நான் ஒரு நாளும் "என்ன குடிக்கிறீங்க?" என்று கேட்கவில்லை. மாத்திரையை எண்ணிக் கொடுத்தேன், அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மருந்தைப் பெரிதாக மாற்றவில்லை. டின் பால் போயிற்று, சோறு ஒரு அகப்பை குறைந்தது, காலைத் தினமும் பார்க்கிற பழக்கம் வந்தது. அந்த மிஸ்ஸி மாதம் ஒரு தடவை போன் பண்ணி விசாரித்தார். மூன்று மாத இனிப்புக் கணக்கு பதினொன்றுக்கு மேல் இருந்தது, எட்டு மாதத்தில் எட்டுக்கு வந்தது.

இதனால்தான் சொல்கிறேன்: இனிப்பு நீருக்கு மாத்திரை பாதி வைத்தியம். உட்கார வைத்துக் கேட்டு, கண்ணால் காட்டி, கையால் செய்ய வைத்துக் கற்றுக் கொடுப்பது மற்றப் பாதி. அந்த மற்றப் பாதியைச் செய்கிறவர் தாதிதான். அந்தப் பாதி நம் தோட்டத்து மக்களுக்குச் சரியாகக் கிடைக்கவில்லை. அதை நாம் கேட்டு வாங்க வேண்டும்.

கொய்னா காலம் வேறு, இந்தக் காலம் வேறு

நம் பாட்டன், பூட்டன் காலத்தில் கீழ்நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சல் ஆட்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டு போனது. கிள்ளானில் 1901-ஆம் ஆண்டு முதல் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடிய வைத்துக் கொசுவை ஒழிக்கப் பாடுபட்டது சரித்திரம். தோட்டங்களிலோ டிரசர் பெரட்டுக் களத்துக்கே வந்து, ஆட்களை வரிசையில் நிற்க வைத்துக் கொய்னா ஊற்றுவார். வாயைத் திறந்தால் போதும். கசந்தாலும் விழுங்கிவிட்டு வேலைக்குப் போகலாம். நோயாளி ஒன்றும் தெரிந்து கொள்ள வேண்டியதில்லை.

தோட்டத்து வைத்தியம் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தது. டிரசர் கொடுப்பார், தொழிலாளி விழுங்குவார். காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் அது சரிப்பட்டு வந்தது. இனிப்பு நீருக்குச் சரிப்பட்டு வராது.

ஏன் தெரியுமா? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வருஷத்துக்கு 8,760 மணி நேரம். இனிப்பு நீர் உள்ள ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கிளினிக்குக்குப் போய், ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம் டாக்டரைப் பார்த்தால் மொத்தம் ஒரு மணி நேரம். மீதி 8,759 மணி நேரம் அவர் எங்கே இருக்கிறார்? லயத்தில், மலையில், கடையில், கல்யாண வீட்டில், அடுப்பங்கரையில். அங்கே டாக்டரும் இல்லை, நானும் இல்லை. அங்கே நீங்களே உங்களுக்கு டிரசர். தொழில் கற்றுக் கொடுக்காமல் ஒருவரை டிரசர் ஆக்கினால் என்ன ஆகும்? அந்த அம்மாவுக்கு ஆனதுதான் ஆகும்.

எத்தனை பேருக்கு இந்த நோய்?

நாட்டின் சுகாதார அமைச்சு அவ்வப்போது வீடு வீடாகப் போய் ஆய்வு நடத்துகிறது. 1986-ஆம் ஆண்டு முதல் ஆய்வில், 35 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்குச் சற்று மேல் இனிப்பு நீர் இருந்தது. 2019-இல் 18 வயதுக்கு மேற்பட்டவர்களை எண்ணியபோதே நூற்றுக்கு 18 பேருக்கு மேல். 2023 ஆய்வில் 15.6 பேர், அதாவது ஆறு பேருக்கு ஒருவர். நோய் உள்ளவர்களில் ஐந்து பேரில் இரண்டு பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது.

இந்த ஆய்வுகளில் நம் இந்திய சமூகமே முன்னணியில் நிற்கிறது. கல்வியில் முன்னணி, வருமானத்தில் முன்னணி என்றால் மார் தட்டிக் கொள்ளலாம். இது தலை குனிய வேண்டிய முன்னணி. 2019-இல் நம்மில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இனிப்பு நீர். உங்கள் லயத்தில் பத்துக் கதவு இருந்தால், எத்தனை கதவைத் தட்டும் என்று நீங்களே எண்ணிக் கொள்ளுங்கள். இந்த நாட்டில் புதிதாக ரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்துக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேல் இனிப்பு நீர்க்காரர்கள். வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் படுத்தே கிடக்க வேண்டும். அப்படிப்பட்டவர் மலையேறி வேலை செய்வது எப்படி?

"உழைக்கிற உடம்புக்கு இதெல்லாம் வராது ஐயா, இது உட்கார்ந்து தின்கிற பணக்காரன் வியாதி" என்று சிலர் சொல்கிறார்கள். முதுகில் கூடையோடு நாள் முழுக்க மேடு பள்ளம் ஏறிய காலத்தில் அந்தப் பேச்சில் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கலாம். இப்போது கொழுந்தை இயந்திரம் வெட்டுகிறது, லோரி ஏற்றிச் செல்கிறது, கடைக்குப் போக மோட்டார் சைக்கிள் இருக்கிறது. வேலை மாறிவிட்டது. சோற்றின் அளவு மட்டும் பழைய கூடைக்காரி சாப்பிட்ட அளவிலேயே நிற்கிறது. மைலோவும் சிரப்பும் மேலே சேர்ந்துவிட்டன.

பேச்சு வைத்தியமாகுமா?

"மிஸ்ஸி பேசினால் நோய் குறையுமா? அவர் என்ன டாக்டரா?" என்று கேட்பவர்களுக்கு இரண்டு சங்கதி சொல்கிறேன்.

முதலாவது சென்னையில் நடந்தது. டாக்டர் ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் இனிப்பு நீர் வருகிற எல்லையில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாகப் பிரித்து மூன்று வருஷம் கவனித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான புத்திமதி மட்டும். ஒரு பிரிவுக்குச் சாப்பாடு, நடை பற்றிய பாடம். அதோடு விடாமல் திரும்பத் திரும்பப் போனிலும் நேரிலும் விசாரிப்பு. ஒரு பிரிவுக்கு மாத்திரை. இன்னொரு பிரிவுக்கு மாத்திரையும் பாடமும். 2006-ஆம் ஆண்டு முடிவு வெளியாயிற்று. சும்மா புத்திமதி பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. பாடம் பெற்றவர்களில் 39 பேர். மாத்திரை சாப்பிட்டவர்களில் 40 பேர். இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களுக்கும் அதே அளவுதான். அக்கறையோடு விடாமல் சொல்லிக் கொடுத்த பாடம் மாத்திரைக்குச் சமமாக நின்றது! நம் இரத்தம், நம் சோறு, நம் சாம்பார் சாப்பிடுகிற மக்களிடம் கண்ட உண்மை இது. ஏற்கனவே உடலுழைப்பு உள்ளவர்களை "உங்கள் வேலையை அப்படியே தொடருங்கள்" என்றுதான் சொன்னார்கள். ஆகவே நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியப் பாடம் சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது.

இரண்டாவது அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து ஏழைகளுக்கான பொது ஆஸ்பத்திரியில் நடந்தது. டாக்டர் லியோனா மில்லர் என்ற அம்மையார் நோயாளிகளுக்குப் பாடம் சொல்லும் வேலையில் தாதிகளை முன்னால் நிறுத்தினார். சந்தேகம் வந்தால் உடனே போன் பண்ணிக் கேட்கவும் ஏற்பாடு செய்தார். இனிப்பு நீர் முற்றி மயக்கத்தில் வந்து விழுகிறவர்களின் தொகை வெகுவாகக் குறைந்தது. ஆஸ்பத்திரிக்குச் செலவும் மிச்சமாயிற்று. 1972-இல் இதை வைத்தியப் பத்திரிகையில் எழுதி வைத்தார்கள். ஐம்பது வருஷத்துக்கு முன்பே தெரிந்த உண்மை நம் லயத்து வாசலுக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

அவரிடம் என்ன கற்றுக் கொள்ள வேண்டும்?

பயிற்சி பெற்ற தாதியிடம் போனால் கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள். அவரே சொல்லாவிட்டாலும் நீங்கள் கேளுங்கள்.

முதலில் உங்கள் கணக்கு. இனிப்பு எவ்வளவு, மூன்று மாதக் கணக்கு எவ்வளவு, போன தடவை எவ்வளவு. பசியாறும் முன்பு எடுத்த ரத்தத்தில் 7 அல்லது அதற்கு மேல் இருந்தால் இனிப்பு நீர். 6.1 முதல் 6.9 வரை இருந்தால் எல்லையில் நிற்கிறீர்கள், இன்னும் திரும்பி வரலாம். சம்பளச் சீட்டில் ஒரு வெள்ளி குறைந்தால் கிராணியிடம் போய்க் கேட்கிறோம் அல்லவா? உடம்புச் சீட்டையும் அப்படியே பார்க்கப் பழகுங்கள்.

இரண்டாவது, தேத்தண்ணி. இந்த மலையில் 1929-இல் தேயிலைத் தோட்டம் எழும்பிய காலந்தொட்டு உலகத்துக்கே தேத்தண்ணி கொடுக்கிறவர்கள் நாம். நல்ல தேயிலையின் ருசி தெரிந்த நாமே அதில் டின் பாலை ஊற்றி மூடிவிடுகிறோம். கடையில் "தே ஓ கொசோங்" என்று கேட்கப் பழகுங்கள். முதல் இரண்டு வாரம் நாக்கு முரண்டு பிடிக்கும். பிறகு பழகிவிடும். பால் வேண்டுமென்றால் இனிப்பில்லாத பால் கொஞ்சம் சேர்க்கலாம்.

மூன்றாவது, தட்டு. பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ முட்டையோ பருப்போ. பக்கத்து மலையெல்லாம் முட்டைக்கோசும் கீரையும் தக்காளியும் விளைகிற ஊரில் இருந்து கொண்டு, சோற்றையே மலையாகக் குவித்துக் குழம்பை ஊற்றிச் சாப்பிடுவது நியாயமா? "இதை விடு, அதை விடு" என்று மட்டும் ஒரு தாதி சொன்னால், "சரி மிஸ்ஸி, எதைச் சாப்பிடலாம்?" என்று திருப்பிக் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது அவர் கடமை.

நான்காவது, கால். நம் மலைக்கு இது மிக முக்கியம். குளிர் என்று அடுப்போரம் காலை நீட்டாதீர்கள். சுடுதண்ணிப் போத்தலைக் காலுக்கு வைக்காதீர்கள். உலர்ந்த காலுறை போடுங்கள். ரப்பர் பூட்ஸுக்குள் கையை விட்டுக் கல், முள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே காலை விடுங்கள். நனைந்த காலுறையோடு நாள் முழுக்க நிற்காதீர்கள். அட்டை கடித்த இடம் ஆறாவிட்டால் உடனே வந்து காட்டுங்கள். ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். தாதியிடம் ஒரு மெல்லிய நைலான் நரம்பு இருக்கும். அதால் உள்ளங்காலைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிப்பார். வருஷத்துக்கு ஒரு தடவையாவது அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். தீமிதிக்கு வேண்டிக் கொண்டவர்கள் அந்தச் சோதனைக்குப் பிறகு முடிவு செய்யுங்கள். உணர்ச்சி செத்த காலோடு தீயில் இறங்க வேண்டாம். நேர்த்திக்கடனுக்கு வேறு வழி இருக்கிறது.

ஐந்தாவது, இனிப்பு இறங்குவது. மாத்திரையோ ஊசியோ போட்டுவிட்டுப் பசியாறாமல் மலைக்குப் போனால் கை நடுங்கும், வியர்க்கும், கண் இருளும். இனிப்பு 4-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து. உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுக் கால் மணி நேரம் உட்கார வேண்டும். தெளியாவிட்டால் இன்னொரு தடவை. பையில் எப்போதும் கொஞ்சம் சீனி இருக்கட்டும். மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். விரதம் இருக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே கிளினிக்கில் கேளுங்கள்.

ஆறாவது, ஊசி. "இன்சுலின் போட ஆரம்பித்தால் கண் போகும், கால் போகும்" என்று லயத்தில் ஒரு பேச்சு உலவுகிறது. ஊசியால் கண்ணும் காலும் போவதில்லை. ஊசிக்குப் பயந்து நாள் கடத்தியதால் போகிறது. எங்கே குத்துவது, எவ்வளவு குத்துவது என்று தாதி உங்கள் கையாலேயே செய்ய வைத்துக் காட்டுவார். ஒரு தடவையில் புரியாவிட்டால் பத்துத் தடவை கேளுங்கள்.

வீட்டோடு போங்கள்

கிளினிக்குக்கு நோயாளி தனியாகப் போய் என்ன பயன்? கணவனுக்கு நோய், சமைப்பது மனைவி. மாமியாருக்கு நோய், சாமான் வாங்குவது மருமகள். பாடம் கேட்டவர் ஒருவர், கரண்டி பிடிப்பவர் இன்னொருவர் என்றால் பாடம் வீட்டு வாசலிலேயே நின்றுவிடும். ஆகவே கரண்டி பிடிக்கிறவரைக் கூட்டிக் கொண்டு போங்கள். ஆண்களே, "எனக்கு மட்டும் தனியாகச் சமை" என்று அதிகாரம் பண்ணாதீர்கள். அந்தச் சாப்பாடு எல்லோருக்கும் நல்லது. வீடு முழுக்க ஒரே சமையலாக இருக்கட்டும்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கர்ப்ப காலத்தில் இனிப்பு ஏறியது, பிள்ளை பிறந்ததும் இறங்கிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பிற்காலத்தில் உங்களுக்கு நோய் வர அதிக வாய்ப்பு உண்டு என்று உடம்பு முன்கூட்டியே கொடுத்த அறிவிப்பு அது. பிள்ளை பெற்று ஆறு வாரம் கழித்து ஒரு தடவை, பிறகு தொடர்ந்து ரத்தம் சோதிக்க வேண்டும். தாய் சேய் கிளினிக்கில் உங்களைப் பார்க்கிற மிஸ்ஸியிடமே இதைக் கேட்கலாம். நோய் வருமுன் தடுக்க அவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

இரு பக்கமும் குறை உண்டு

நாம் செய்கிற தவறு என்ன? பொய் சொல்கிறோம். சோதனைக்கு முதல் மூன்று நாள் பட்டினி கிடந்து நல்ல பிள்ளையாகப் போய் நிற்கிறோம். மூன்று மாதக் கணக்கு வந்ததும் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. நாட்டு மருந்து சாப்பிட்டதை மறைக்கிறோம். தாதியிடம் உண்மையைச் சொன்னால் தலை போகாது, மறைத்தால் கால் போகும்.

எங்கள் பக்கமும் தவறு உண்டு. திட்டுகிறோம். "எத்தனை தடவை சொல்றது?" என்று பத்துப் பேர் முன்னால் கத்துகிறோம். வயதான ஒரு தாயை அப்படி அவமானப்படுத்தினால் அடுத்த தடவை அவர் வருவாரா? வாசிக்கத் தெரியாதவர் கையில் மலாய்த் துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு, பாடம் சொல்லிவிட்டோம் என்று எழுதிக் கொள்கிறோம். தாதிகள் மேல் மட்டும் பழி போடவும் முடியாது. ஒரு தாதிக்கு முன்னால் நாற்பது பேர் காத்திருந்தால் அவர் யாரிடம் உட்கார்ந்து பேசுவார்?

இதையெல்லாம்விடப் பெரிய தடை கூலி. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். ஆனால் வழக்கமான சோதனைக்குப் போனால் பெரும்பாலும் மருத்துவ விடுப்புக் கிடைக்காது. வந்து போன நேரத்துக்கு ஒரு சீட்டுத்தான் கிடைக்கும். மலையிலிருந்து இறங்கி, காத்திருந்து, ஏறி வருவதற்குள் அன்றைய வேலை போய்விடும். ஒரு வெள்ளி வைத்தியத்துக்கு ஒரு நாள் கூலி விலை! "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று ஏன் தள்ளிப் போடுகிறார்கள் என்று இப்போது புரிகிறதா?

சங்கம் என்ன செய்யலாம்?

என் கருத்தைப் பணிவோடு சொல்கிறேன். தலைவர்களும் அங்கத்தினர்களும் யோசித்துப் பார்க்கட்டும்.

இனிப்பு நீர் அட்டை வைத்திருக்கும் தொழிலாளிக்கு மூன்று மாதத்துக்கு அரை நாள், கூலி குறையாமல், சோதனைக்கும் பாடத்துக்கும் என்று அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் கேட்கலாம். வருஷத்துக்கு இரண்டு நாள்தான் வரும். கால் இழந்து ஒருவர் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தால் நிர்வாகத்துக்கு ஆகிற நஷ்டத்தைவிட இது எவ்வளவோ சிறிது.

பயிற்சி பெற்ற தாதி ஒருவர் குறிப்பிட்ட நாளில் தோட்டத்துக்கே வந்து, மண்டபத்திலோ ஆயாக் கொட்டகையிலோ உட்கார்ந்து, தமிழ் தெரிந்த ஒருவர் துணையோடு பாடம் நடத்தும்படி மாவட்டச் சுகாதார இலாகாவுக்கு எழுதலாம். தோட்டங்களில் வைத்திய வசதி இருக்க வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் சட்டம் பேசுகிறது. கட்டடமும் மாத்திரை அலமாரியும் இருந்தால் வசதி வந்துவிட்டதாக ஆகாது. கற்றுக் கொடுக்கிற ஆளும் வசதியில் சேர்த்திதான்.

எங்களைப் போன்ற டிரசர்களுக்கும் அந்தப் பயிற்சியில் இடம் கேட்க வேண்டும். தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965-இல் சட்டம் வந்தது. நாங்கள் படித்த பாடம் பெரும்பாலும் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் ஏற்றது. நோய் மாறிவிட்ட பிறகு நாங்களும் மறுபடி பள்ளிக்கூடம் போக வேண்டும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நம்மோடு வேலை செய்யும் வங்காளதேச, நேப்பாள, இந்தோனேசியச் சகோதரர்களையும் இந்தப் பாடத்தில் சேர்த்துக் கொள்ள வேண்டும். ஊரைவிட்டு வந்தவனுக்கு நோய் வந்தால் பார்க்க ஆள் ஏது?

இன்று என் கிளினிக் மேசையில் ஒரு காலி டின் பால் டப்பாவும், ஒரு குவளையும், ஒரு தேக்கரண்டியும் இருக்கின்றன. மாத்திரைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் முதலில் கேட்கிறேன்: "காலையில என்ன குடிச்சீங்க?" ஒருவருக்குப் பத்து நிமிஷம் ஆகிறது. வரிசை நீள்கிறது, பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். அவர்கள் முறை வரும்போது அவர்களுக்கும் அதே பத்து நிமிஷம் உண்டு.

அந்த அம்மா இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடப்பார். லயத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அடுப்பங்கரையில் டின் பால் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறாராம். "பெரிய மிஸ்ஸி வந்துட்டாங்க" என்று பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். அவர் கோபித்துக் கொள்வதில்லை. அந்தப் பட்டத்தை அவர் ஒரு விரலைக் கொடுத்து வாங்கியிருக்கிறார்.

உங்கள் தோட்டத்தில் அந்த விலை கொடுக்காமலே ஒரு பெரிய மிஸ்ஸி உண்டாகட்டும். 35 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் இந்த மாதம் ரத்தம் சோதித்துப் பாருங்கள். சோதித்ததும் எழுந்து ஓடாதீர்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "மிஸ்ஸி, எனக்குச் சொல்லிக் கொடுங்க" என்று கேளுங்கள்.

அடுத்த இதழில் ரத்தக் கொதிப்பைப் பற்றிப் பேசுவோம். வணக்கம்.

உங்கள் ஊழியன்,
தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்,
கேமரன் மலை